குருதத்: கலைக்கும் வசூலுக்கும் இடையே ஒரு வாழ்க்கை

திரைப்பட ரசிகர்கள் கூடுமிடங்களில் ஓயாத விவாதம் ஒன்று உண்டு. கலைப்படம் மேலானதா, வணிகப்படம் மேலானதா என்பதே அது. ஒரு சாரார் விருது பெற்ற படங்களின் பட்டியலை முன்வைப்பர். மறுசாரார் அரங்கு நிறைந்து ஓடிய நாட்களின் கணக்கை முன்வைப்பர். நெறியாளர்களையும் நடிகர்களையும் இவ்விரு முகாம்களுக்குள் பங்கிட்டுவிட்டு, எதிர்முகாமில் நிற்பவரை ரசனையற்றவர் என்றோ பாசாங்குக்காரர் என்றோ ஒதுக்கிவிடுவது இவ்விவாதத்தின் வழமை.

இரு தரப்பாருமே தமக்குச் சாட்சியாக அழைக்கும் பெயர் ஒன்றுண்டு. ஹிந்தித் திரையுலகின் நெறியாளரும் தயாரிப்பாளரும் நடிகருமான குருதத்தின் பெயரே அது. 1925 இல் பிறந்து 1964 இல் மறைந்த அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள் மாத்திரமே. நெறியாளர் என்று அவரது பெயர் திரையில் தோன்றியது எட்டுப் படங்களில் மட்டுமே. அவற்றுள் இறுதியான 'காகஸ் கே பூல்' 1959 இல் படுதோல்வி கண்டது. கலைப்பட அபிமானிகள் அத்தோல்வியைக் காட்டி, வெகுசனத்துக்குக் கலை புரியாது என்பர். வணிகப்பட அபிமானிகள் அதே தோல்வியைக் காட்டி, மக்களை மறந்தவனை மக்கள் மறப்பர் என்பர். அவரது வாழ்க்கையை முழுமையாக எடுத்து நோக்கினால் இவ்விரு வாதங்களில் எதுவும் நிலைக்காது என்பதே எமது கருத்தாகும்.

குருதத்தின் கதை இலங்கை வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1952 ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி.கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் தரம் தாழ்ந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களின் இடம் சுருங்கிற்று. அவ்வேளையில் அப்பாடல்களுக்குப் புகலிடம் அளித்தது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையாகும். அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து அனுப்பிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியை வாரந்தோறும் கேட்பதற்காக இந்தியாவின் பட்டிதொட்டியெங்கும் மக்கள் கொழும்பு அலைவரிசையைத் தேடித் திருப்பினர். குருதத் தம்முடைய படங்களை எடுத்த காலம் இதுவே. அப்படங்களின் பாடல்கள் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்த வழிகளுள் கொழும்பின் ஒலிபரப்பும் ஒன்று. எம் தீவில் ஹிந்தி அறியாத தமிழ், முஸ்லிம் இல்லங்களிலும் அப்பாடல்கள் மெட்டளவில் குடிகொண்டன. கலை எது, களியாட்டம் எது என்று மேலிருந்து கோடு கிழிப்போருக்கும் கேட்போரின் விருப்பத்துக்குமான பிணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

குருதத்தின் இயற்பெயர் வசந்தகுமார் சிவசங்கர் படுகோன். கொங்கணி பேசும் குடும்பமொன்றில், 1925 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9 ஆம் திகதி பெங்களூரில் பிறந்தார். தாயார் வசந்தி கல்வியிலும் எழுத்திலும் ஈடுபாடு கொண்டவர். குடும்பம் கல்கத்தாவின் பவானிபூர் பகுதியில் குடியேறியமையால் சிறுவன் வங்காளச் சூழலிலேயே வளர்ந்தான். வங்க மொழி அவனுக்குத் தாய்மொழி போலாயிற்று. தெருவில் ஆடப்பட்ட ஜாத்ரா கூத்துகளும், நாடோடிப் பாடகர்களின் இசையும் அவனை ஈர்த்தன. மாலையில் பாட்டி ஏற்றிவைக்கும் விளக்கின் முன் விரல்களை அசைத்துச் சுவரில் நிழலுருவங்களை ஆட்டுவிப்பது அவனது விளையாட்டு என்று குடும்பத்தார் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். ஒளியையும் நிழலையும் அவரளவுக்குக் கையாண்ட ஹிந்தி நெறியாளர் அரிது என்று விமர்சகர் கூறும்போது இச்செய்தியும் உடன் பேசப்படுவதுண்டு.

வறுமை அக்குடும்பத்தை விட்டு விலகியதில்லை. பள்ளிப்படிப்புக்கு மேல் கற்க வசதியிருக்கவில்லை. 1942 இல், புகழ்பெற்ற நடனக் கலைஞர் உதயசங்கர் இமயமலையடிவாரத்து அல்மோராவில் நடத்திவந்த கலைமையத்தில் குருதத் சேர்ந்தார். உடலின் அசைவையும் இசையின் லயத்தையும் ஒன்றாகக் காணும் பயிற்சி அவருக்கு அங்கே கிட்டியது. போர்க்கால நெருக்கடியில் 1944 இல் அம்மையம் மூடப்பட்டது. சிறிது காலம் கல்கத்தாவில் ஒரு தொழிற்சாலையின் தொலைபேசி இயக்குநராகவும் அவர் வேலை பார்த்ததுண்டு.

1944 இல் பூனாவிலிருந்த பிரபாத் திரைப்பட நிறுவனத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இணைந்தார். அங்கே நடன அமைப்பாளராகவும் உதவி நெறியாளராகவும் சிறுவேட நடிகராகவும் பணிபுரிந்தார். பிற்காலத்தில் தம்முடைய படங்களில் முக்கிய வேடமேற்ற நடிகர் ரஹ்மானின் நட்பு அங்கேதான் கிடைத்தது. தேவ் ஆனந்தின் நட்பும் அங்கே மலர்ந்தது. சலவைக்காரர் சட்டைகளை மாற்றிக் கொடுத்ததால் இருவரும் அறிமுகமாகினர் என்று தேவ் ஆனந்த் கூறியுள்ளார். தான் தயாரிப்பாளரானால் குருதத்தே நெறியாளர், குருதத் நெறியாளரானால் தேவ் ஆனந்தே கதாநாயகன் என்று இருவரும் தமக்குள் வாக்களித்துக் கொண்டனர். திரையுலகில் இவ்வாறான வாக்குகள் நிறைவேறுவது அபூர்வம். இது நிறைவேறியது.

ஆனால் அதற்கு முன் வேலையற்ற நாட்கள் இருந்தன. பிரபாத் ஒப்பந்தம் முடிந்த பின் பல மாதங்கள் பம்பாயின் மாதுங்கா பகுதியில் தாயாருடன் வாழ்ந்தபடி வாய்ப்புத் தேடி அலைந்தார். ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதினார். 'கஷ்மகஷ்' என்ற கதையை எழுதியதும் அக்காலத்திலேயே. உலகம் மதிக்க மறுக்கும் ஒரு கலைஞனின் மனப்போராட்டமே அதன் கரு. பத்தாண்டுகளுக்குப் பின் 'பியாசா'வாக உருப்பெற்றது அக்கதையே. அதாவது, அவரது மிகச்சிறந்த படைப்பு அவர் புகழடைவதற்கு முன்பே அவருள் இருந்தது. அதைத் திரையில் கொணர்வதற்கான பலத்தை அவர் வணிகச் சந்தையில்தான் திரட்ட வேண்டியிருந்தது.

1951 இல் தேவ் ஆனந்தின் நவகேதன் நிறுவனத்துக்காக 'பாஸி' படத்தை நெறிப்படுத்தினார். பின்னாளில் பெரும் நடிகராகப் போற்றப்பட்ட பல்ராஜ் சாஹ்னி அதன் கதை வசனத்தில் பங்கெடுத்தார். சூதாட்டக் கூடமும் குற்றமும் காதலும் நிறைந்த அப்படம் நன்றாக ஓடியது. சாஹிர் லுதியான்வியின் பாடல்களுக்கு எஸ்.டி.பர்மன் இசையமைத்தார். அப்பாடல்களைப் பாடிய கீதா ராய் அப்போது குருதத்தைவிடப் பன்மடங்கு புகழ்பெற்றிருந்தவர். இருவரும் 1953 இல் மணம் புரிந்தனர். தேவ் ஆனந்தை வைத்தே 1952 இல் 'ஜால்' படத்தை எடுத்தார். 1953 இல் தாமே கதாநாயகனாக நடித்து நெறிப்படுத்திய கடற்கொள்ளையர் சாகசப்படமான 'பாஸ்' தோல்வியுற்றது.

1954 இல் தமது சொந்த நிறுவனத்தின் மூலம் எடுத்த 'ஆர் பார்' அவரை மீண்டும் நிமிர்த்தியது. வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரின் கதை அது. பாத்திரங்கள் யாவரும் ஒரேவிதமான மேடைமொழியில் பேசிவந்த காலத்தில், அவரவர் ஊருக்கும் தொழிலுக்கும் உரிய பேச்சை வசனகர்த்தா அப்ரார் அல்வி அப்படத்தில் கொண்டுவந்தார். பாடல்களின் அமைப்பிலும் குருதத் புதுவழி கண்டார். நீண்ட முன்னிசை ஒலித்து, கதை நின்று, பின் பாடல் தொடங்குவது அன்றைய மரபு. குருதத்தோ பேச்சு முடியும் இடத்திலேயே பாடலைத் தொடங்கச் செய்து, வசனத்தின் நீட்சியாகவே அதை ஆக்கினார். பாட்டும் கூத்தும் வணிகப்படத்தின் பலவீனங்கள் என்று கருதப்பட்ட வேளையில், அவற்றையே கதைசொல்லும் கருவிகளாக்கியது அவரது முதற்பெரும் சாதனை என்போம்.

நகைச்சுவையிலும் அவ்வாறே. பம்பாயில் பஸ் நடத்துநராகப் பணியாற்றிய பத்ருதீன் காஸி என்ற இளைஞரைப் பல்ராஜ் சாஹ்னி குருதத்தின் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். குடிகாரனைப் போல் நடித்தபடி உள்ளே நுழைந்த அவரைக் கண்டு எல்லோரும் ஏமாந்தனர். உண்மையில் மதுவைத் தொடாதவரான அவருக்கு ஜோனி வோக்கர் என்ற மதுவின் பெயரைச் சூட்டியவர் குருதத். அன்றுமுதல் ஜோனி வோக்கர் குருதத் படங்களின் பிரிக்க முடியாத அங்கமானார். அவருக்கென்று ஒரு பாடல் வைப்பது விநியோகஸ்தர்களையும் மகிழ்வித்தது. ஆனால் அவர் வெறும் கோமாளியாக நிற்கவில்லை என்பதைப் பின்வந்த படங்கள் காட்டின.

1955 இல் வெளியான 'மிஸ்டர் அன்ட் மிஸஸ் 55' குருதத்தும் மதுபாலாவும் நடித்த இன்பியல் படம். கதாநாயகன் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைபவன். திரையில் வரையும் கை பிரபல ஓவியர் ஆர்.கே.லக்ஷ்மணுடையது. படம் பெருவெற்றி பெற்றது. எனினும் விவாகரத்துச் சட்டத்தையும் பெண்விடுதலை பேசும் பெண்களையும் அது எள்ளி நகையாடும் விதம் இன்று நோக்குவோருக்கு உவப்பாக இராது. குருதத்தைப் போற்றுவோர் அவரது படங்கள் யாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ வேண்டியதில்லை. 1956 இல் வந்த 'சைலாப்' தோல்வியடைந்தது. அதே ஆண்டில் அவர் தயாரித்து, சீடர் ராஜ் கோஸ்லா நெறிப்படுத்திய 'சி.ஐ.டி.' என்ற துப்பறியும் படமோ வசூலை வாரிக் குவித்தது.

'சி.ஐ.டி.' மூலம் ஹிந்திக்கு வந்தவர் வஹீதா ரஹ்மான். தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, பரதநாட்டியம் பயின்றவர். தெலுங்குப் படமொன்றில் அவர் ஆடிய நடனம் ஊரெங்கும் பேசப்பட்டுக் கொண்டிருந்த வேளையில் ஹைதராபாத் சென்றிருந்த குருதத் அவரைக் கண்டார். எம்.ஜி.ஆரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் அவர் ஆடியிருப்பதை எம் வாசகர் அறிவர். கவர்ச்சியான வேறு பெயரொன்றைச் சூட்டிக்கொள்ளுமாறு தயாரிப்புத் தரப்பினர் வற்புறுத்தியபோது, பெற்றோர் இட்ட பெயரை விடேன் என்று மறுத்தார். தமக்கு ஒவ்வாத உடைகளை அணியமாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் செய்தார். இளவயதுப் புதுமுகம் ஒருவர் அன்று காட்டிய அந்த உறுதி வியக்கத்தக்கது.

இவ்வாறு வசூல் படங்களால் தேடிய பணத்தையும் துணிவையும் கொண்டு குருதத் 1957 இல் 'பியாசா'வை வெளியிட்டார். தாகம் கொண்டவன் என்பது அதன் பொருள். கதாநாயகனாக முதலில் கருதப்பட்டவர் திலீப்குமார். அவர் வராமற்போகவே குருதத் தாமே அவ்வேடத்தை ஏற்றார். விஜய் என்ற கவிஞனை உடன்பிறந்தோர் உதறுகின்றனர். காதலி வசதியான பதிப்பாளரை மணந்துகொள்கிறாள். அவனது கவிதைத் தாள்களைப் பழைய கடதாசிக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் போற்றுபவள் விலைமாதான குலாபோ. அவனுக்குத் தோள்கொடுப்பவன் எண்ணெய் பிடித்துவிடும் தொழிலாளியான அப்துல் சத்தார். குலாபோவாக வஹீதாவும், சத்தாராக ஜோனி வோக்கரும் நடித்தனர். கவிஞன் இறந்துவிட்டான் என்று நம்பப்பட்டதும் அதே உலகம் அவனுக்கு விழா எடுக்கிறது. உயிரோடு வந்து நிற்பவனை அடையாளம் காண மறுக்கிறது. ஈற்றில் அவன் அந்தப் புகழை உதறிவிட்டுக் குலாபோவுடன் அகல்கிறான்.

சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டுகளே ஆன தேசத்தை நோக்கி, விலைமாதர் தெருவில் நின்று அக்கவிஞன் பாடுவதாக சாஹிர் எழுதிய பாடல் இந்தியத் திரைப்பாடல்களுள் மிகக் கூரிய அரசியல் குரலாகும். இத்தனை கசப்பை உள்ளடக்கிய படம் தோற்றிருக்க வேண்டும் என்று இன்றைய ரசிகர் பலர் எண்ணுவர். ஆனால் அது வெற்றிபெற்றது. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். பாடல்களும் காதலும் சத்தாரின் நகைச்சுவையும் அவர்களை உள்ளே அழைத்தன. உள்ளே சென்றவர் கவிஞனின் துயரையும் ஏற்றுக்கொண்டனர். வெகுசனத்துக்குக் கலை புரியாது என்பாருக்கு 1957 ஆம் ஆண்டின் பம்பாய் அரங்குகளே மறுமொழி கூறிவிட்டன.

இவ்வெற்றி தந்த உற்சாகத்தில் 'காகஸ் கே பூல்' உருவாயிற்று. காகிதப் பூக்கள் என்று பொருள். இந்தியாவில் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்த முதற்படம் அதுவே. புகழின் உச்சியிலுள்ள ஒரு திரைப்பட நெறியாளன், குடும்பத்தால் கைவிடப்பட்டு, தான் அறிமுகப்படுத்திய நடிகையுடனான உறவும் கைகூடாமல், குடியில் வீழ்ந்து, பழைய படப்பிடிப்புத் தளத்தில் நெறியாளர் நாற்காலியில் அமர்ந்தபடியே மரணிக்கிறான். அப்படத்தின் பாடல் காட்சியொன்று ஒளிப்பதிவின் பாடநூலாகவே கருதப்படுகிறது. ஒளிப்பதிவாளர் வி.கே.மூர்த்தி வெளியே ஒரு பெரிய கண்ணாடியால் சூரியவொளியைப் பிடித்து, உள்ளே மேலே நிறுத்திய மற்றொரு கண்ணாடியில் விழச்செய்து, இருண்ட தளத்தினூடே ஒற்றை ஒளித்தூணை இறக்கினார். நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் நெருங்காமலே நிற்க, கீதாவின் குரல் ஒலிக்கிறது. கணவரோடு இணைத்துப் பேசப்பட்ட நடிகையின் மனக்குரலாகப் பாடியவர் மனைவி என்பதை அறிந்து பார்ப்போருக்கு அக்காட்சி இரட்டிப்புத் துயரம் தருவது.

மக்கள் இப்படத்தை நிராகரித்தனர். அதை வைத்து அவர்களைப் பழிப்பது எளிது. எமக்கோ வேறொன்று தோன்றுகிறது. 'பியாசா'வின் கவிஞன் பட்டினி கிடப்பவன். அவனது அவமானத்தில் எவரும் தமது அவமானத்தைக் காணலாம். 'காகஸ் கே பூல்' காட்டும் நெறியாளனோ மாளிகையும் மோட்டார் வாகனமும் உடையவன். அவனது வீழ்ச்சிக்குப் பாதிக் காரணம் அவனே. அத்தகையவன் மீது இரக்கம் கொள்ளுமாறு 1959 ஆம் ஆண்டின் பார்வையாளரிடம் கேட்பது பெரிய வேண்டுகோள். நகைச்சுவைக்கென்று சேர்க்கப்பட்ட கிளைக்கதையும் மூலக்கதையோடு ஒட்டவில்லை. படத்தின் பெருமை வேறு, அது தோற்றதற்கான நியாயம் வேறு. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதில் முரண்பாடு இல்லை.

விபரீதம் பின்னர்தான் நிகழ்ந்தது. வசூல் வழங்கிய தீர்ப்பைக் குருதத் தமது தகுதியின் மீதான தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார். அதன் பின் அவர் எந்தப் படத்திலும் நெறியாளராகத் தம் பெயரை இடவில்லை. அப்போது அவருக்கு வயது 34 மாத்திரமே.

நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1960 இல் எம்.சாதிக் நெறிப்படுத்த, குருதத் தயாரித்து நடித்த 'சௌத்வீன் கா சாந்த்' வெளியானது. பதினான்காம் நாள் நிலவு என்று பொருள்படும் இப்படம், முஸ்லிம் சமூகக் கதைகள் என்று வழங்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. லக்னோ நகரில் இரு நண்பர்கள் அறியாமலே ஒரே பெண்ணை நேசிக்க நேர்வதும், முகத்திரையால் விளையும் ஆள்மாறாட்டமும், நட்புக்கான தியாகமும் அதன் கதை. ஷகீல் பதாயுனி எழுதி, ரவி இசையமைத்து, முஹம்மத் ரஃபி பாடிய தலைப்புப் பாடல் இன்றும் வழங்கிவருகிறது. படம் பெருவெற்றி கண்டு நிறுவனத்தை மீட்டது. நவாபுகளின் கனவு லக்னோவையே அது காட்டிற்று, உழைத்துண்ணும் முஸ்லிம் மக்களின் வாழ்வை அது தொடவில்லை என்ற குறை நியாயமானதே. எனினும் முஸ்லிம் குடும்பங்களை அன்பும் நட்பும் கேலியும் பண்பும் நிறைந்தவையாகப் பெருந்திரளான பார்வையாளர் முன் வைத்த படம் அது. பிற்கால ஹிந்திப் படங்கள் பலவற்றில் அச்சமூகத்தவர் குற்றவாளிகளாகவே காட்டப்பட்டதை நினைக்கையில், இந்த வணிகப்படத்தின் பெறுமதி நன்கு விளங்கும்.

1962 இல் வந்த 'சாஹிப் பீபி ஔர் குலாம்', விமல் மித்ராவின் வங்க நாவலைத் தழுவியது. நலிந்துவரும் ஜமீன்தார் மாளிகையில், கணவனின் அன்பைப் பெறுவதற்காக அவனோடு அமர்ந்து குடிக்கப் பழகி அழிந்துபோகும் இளைய மருமகளாக மீனா குமாரி நடித்தார். ஹிந்தித் திரையில் ஒரு நடிகை வெளிப்படுத்திய உச்ச நடிப்புகளுள் ஒன்றாக அது இன்றளவும் மதிக்கப்படுகிறது. நெறியாளராகப் பெயரிடப்பட்டவர் அப்ரார் அல்வி. உண்மையில் நெறிப்படுத்தியவர் குருதத்தே என்று ரசிகர் பலர் அன்றுதொட்டு வாதிட்டு வருகின்றனர். பல்லாண்டுகள் உடனுழைத்த எழுத்தாளரின் பங்கை ஆதாரமின்றிப் பறிப்பது முறையன்று என்றே நாம் எண்ணுகிறோம். பிலிம்பேர் விருதுகளில் சிறந்த படம், சிறந்த நெறியாளர், சிறந்த நடிகை உள்ளிட்டவற்றை வென்ற இப்படம், 1963 இல் பேர்லின் திரைப்பட விழாவில் பங்குபற்றியது. ஒஸ்கார் விருதுக்காக இந்தியாவின் சார்பிலும் அனுப்பப்பட்டது.

இதே காலத்தில் அவர் பிறர் தயாரித்த சாதாரணக் குடும்பப் படங்களிலும் நடித்தார். தமிழில் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சாரதா'வின் ஹிந்தி வடிவமான 'சுஹாகன்' அவற்றுள் ஒன்று. கலைஞன் சந்தைக்கு இறங்கிவந்தான் என்று இதைச் சிலர் வருந்தியுரைப்பர். தன்னை நம்பிய பலரின் ஊதியத்தை மாதாமாதம் கொடுக்கவேண்டிய ஒரு முதலாளியும் அவருள் இருந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இல்லறம் சிதைந்திருந்தது. கீதாவும் மூன்று பிள்ளைகளும் பிரிந்து வாழ்ந்தனர். வஹீதாவுடனான தொழில் உறவும் முடிவுற்றிருந்தது. மது அவரைப் பற்றிக்கொண்டது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10 ஆம் திகதி, பம்பாயில் தனியே தங்கியிருந்த இல்லத்தில் அவர் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அது விபத்தா, அவரே தேடிய முடிவா என்ற கேள்வி தீர்ந்ததில்லை. விபத்தென்றே அவரது குடும்பத்தார் நம்பினர். இந்த மரணத்தைப் படத்தின் இறுதிக்காட்சியோடு ஒப்பிட்டு அழகுபடுத்திப் பேசுவது ரசிகரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அதில் அழகு எதுவுமில்லை. உதவி தேவைப்பட்ட ஒரு மனிதர் உரிய உதவியின்றிப் போனார். மூன்று குழந்தைகள் தந்தையை இழந்தனர். கீதாவும் 1972 இல், 41 ஆவது வயதில் மறைந்தார்.

காலம் பின்னர் வேறு தீர்ப்பு எழுதியது. 1980களில் ஐரோப்பாவில் அவரது படங்கள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டுப் போற்றப்பட்டன. நஸ்ரீன் முன்னி கபீர் 1989 இல் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக ஆவணப்படமொன்றை எடுத்து, பின்னர் வாழ்க்கை வரலாற்று நூலொன்றையும் எழுதினார். 2005 இல் அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை எக்காலத்துக்கும் உரிய நூறு படங்களுள் ஒன்றாகப் 'பியாசா'வைச் சேர்த்தது. வி.கே.மூர்த்திக்கு 2008 ஆம் ஆண்டுக்கான தாதாசாஹிப் பால்கே விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே. 2021 ஆம் ஆண்டுக்கான அதே விருது வஹீதாவைச் சென்றடைந்தது. 2025 இல் குருதத்தின் பிறப்பு நூற்றாண்டு நிறைவுற்றது.

ரசிகர்களின் விவாதத்துக்கு இவ்வாழ்க்கை தரும் விடை யாது? 'காகஸ் கே பூல்' தோற்றது, பின் மீண்டெழுந்தது. 'பாஸ்' படமும் 'சைலாப்' படமும் தோற்றன. அவற்றை எவரும் மீட்டெடுக்கவில்லை. எனவே தோல்வி கலைக்குச் சான்றாகாது. 'சி.ஐ.டி.' வென்றது, 'பியாசா'வும் வென்றது. எனவே வெற்றி தரக்குறைவுக்குச் சான்றாகாது. வசூல் ஓர் அளவுகோல், கலைப் பெறுமதி வேறோர் அளவுகோல். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்க முற்படுவதே இவ்விவாதத்தின் அடிப்படைப் பிழை.

இன்னுமொன்றையும் கருத வேண்டும். 1955 இல் வெளியான சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' மேற்கு வங்க அரசின் நிதியுதவியோடு நிறைவுற்றது. இந்திய மத்திய அரசின் திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனம் தோன்றியது 1960 இல்தான். அதன் கடனுதவியோடு மிருணாள் சென் 'புவன் ஷோம்' படத்தை எடுத்தது 1969 இல். குருதத்தின் உறவினரான ஷியாம் பெனகல் 'அங்குர்' மூலம் புதிய அலையின் முன்னணியாளரானது 1974 இல். கலைப்படம் என்ற தனிப் பாதை ஹிந்தியில் அமைந்தபோது குருதத் உயிரோடில்லை. தோல்வியைத் தாங்கிக்கொள்ள ஓர் அமைப்போ, மாற்று அரங்கோ, காத்திருக்கும் ஒரு சிறு ரசிகர் வட்டமோ அவருக்கு இருக்கவில்லை. ஒரே சந்தையில்தான் அவர் அனைத்தையும் வைத்து ஆடவேண்டியிருந்தது.

நல்ல படம் எடுப்போர் தொடர்ந்து எடுக்கவேண்டுமாயின் அவர்களது தோல்வியைத் தாங்கும் ஏற்பாடு ஒன்று சமூகத்தில் இருக்கவேண்டும். அதில் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. நுழைவுச்சீட்டு வாங்கும் எமக்கும் பங்குண்டு. முதல் வாரத்திலேயே ஒரு படத்தைக் குப்பை என்று தீர்ப்பிடும் அவசரமும், மக்கள் விரும்பினர் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொன்றைக் கீழானதென்று ஒதுக்கும் மேட்டிமையும் ஒரே குறையின் இரு வடிவங்களாகும். 1959 இல் அப்படத்துக்குச் சற்றுப் பொறுமையான வரவேற்புக் கிடைத்திருந்தால் குருதத் நெறியாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்று நாம் அடித்துக்கூற முடியாது. ஆயினும் ஒன்பதாவது படம் ஒன்று உருவாகாமற்போனதன் இழப்பு, கலைப்பட ரசிகருக்கும் வணிகப்பட ரசிகருக்கும் பொதுவானது.